வினாவின் வழி வாசிப்பு: தமிழகத்தில் ஆங்கில வாசிப்புப் பயிற்சியும் வழிகாட்டப்பட்ட இணையத் தேடலும் – பெரியகுளம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் ஒன்றரை நூற்றாண்டில் பலமுறை மாறியுள்ளன. ஆயினும், தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர் பாடநூலுக்கு வெளியே உள்ள ஓர் ஆங்கிலப் பக்கத்தைத் தாமே வாசித்துப் பொருள்கொள்ளத் தயங்குகின்றனர். இக்கட்டுரை 1857 முதல் இன்றுவரையுள்ள ஆங்கில வாசிப்புப் பயிற்சியின் வரலாற்றை, வாசிப்பவர் முன் வைக்கப்பட்ட வினா எது என்னும் நோக்கில் ஆராய்கிறது. 1995இல் அமெரிக்காவில் உருவான வழிகாட்டப்பட்ட இணையத் தேடல் முறையின் அடிப்படைக் கருத்து, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடைபெற்ற பெங்களூர்–சென்னைத் திட்டத்தில் முன்னரே சோதிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் நீர் வரலாறு பற்றிய ஆங்கில ஆவணங்களைக் கொண்டு அம்முறையைப் பெரியகுளம் வட்டாரக் கல்லூரிகளில் எவ்வாறு கையாளலாம் என்பதும் இதில் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆங்கில வாசிப்பு, செயற்பணி வழிக் கற்பித்தல், வழிகாட்டப்பட்ட இணையத் தேடல், பெரியகுளம், கம்பம் பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாறு.

முன்னுரை

தேனி மாவட்டம் 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்படுவதற்கு முன்பே இவ்வட்டாரத்தில் உயர்கல்வி வேரூன்றிவிட்டது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இலும், பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971இலும் தொடங்கப்பட்டன. வேளாண் குடும்பங்களிலிருந்தும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்பிற்கு வரும் மாணவர்களுக்கு இத்தகைய கல்லூரிகள் வாயிலாக அமைந்தன.

தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளின் இளநிலைப் பாடத்திட்டத்தில் பகுதி 1 தமிழ் அல்லது பிறமொழி, பகுதி 2 ஆங்கிலம் என்னும் அமைப்பு நெடுங்காலமாக நிலவுகிறது. வரலாறு படிக்கும் மாணவரும் வேதியியல் படிக்கும் மாணவரும் பகுதி 2 ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றே பட்டம் பெறவேண்டும். இப்பாடத்தைப் பெரும்பாலோர் மூலநூலின் வழியாகப் படிப்பதில்லை. கடைகளில் விற்கும் வினா–விடை வழிகாட்டி நூல்களின் வழியாகவே படிக்கின்றனர். கட்டுரையின் சுருக்கம், கதைமாந்தரின் பண்பு, எதிர்பார்க்கப்படும் வினாக்கள், அவற்றிற்கான விடைகள் ஆகிய அனைத்தும் அவ்வழிகாட்டிகளில் கிடைப்பதால் மூலத்தை வாசிக்கவேண்டிய தேவை எழுவதில்லை. தேர்ச்சி கிட்டுகிறது; வாசிப்புத் திறன் கிட்டுவதில்லை.

இக்குறைக்கு மாணவரின் பின்புலத்தையோ ஆசிரியரின் பயிற்சியின்மையையோ காரணமாகக் கூறுவது வழக்கம். அவை ஓரளவே பொருந்தும். ஆங்கிலப் பனுவல் ஒன்றைத் தந்தபோது அதனோடு மாணவரிடம் எவ்வகை வினா வைக்கப்பட்டது என்பதை வரலாற்று வழியில் நோக்கினால் வேறொரு காரணமும் புலப்படும். அதனைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்வும் உரையும்

1835ஆம் ஆண்டு மெக்காலேயின் குறிப்பும் 1854ஆம் ஆண்டு உட்டின் அறிக்கையும் ஆங்கிலக் கல்விக்குக் கொள்கை வடிவம் தந்தன. அக்கல்வி சென்னை மாகாணத்தில் எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பதைத் தீர்மானித்ததில் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுமுறைக்குப் பெரும் பங்குண்டு. கல்லூரியில் நுழைவதற்கு மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெறவேண்டியிருந்தது. அரசுப் பணி நாடியவர்க்கும் அத்தேர்ச்சி ஒரு தகுதியாக விளங்கியது. ஆகவே, மாகாணம் முழுவதும் உள்ள பள்ளிகள் அத்தேர்வை நோக்கியே பாடம் நடத்தின. தேர்வுக்கு வைக்கப்பட்ட பனுவல்களுக்குச் சொற்பொருளும் விளக்கமும் மாதிரி வினாவும் அடங்கிய உரைப் பதிப்புகள் சென்னை அச்சகங்களிலிருந்து வெளிவந்தன.

உரைகொண்டு வாசிப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியிலும் மூலத்தை மனனம் செய்தபின் ஆசிரியர் வழியாகப் பொருள் கேட்கும் முறையே இருந்தது. ஆயினும், இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. திண்ணைப் பள்ளி மாணவர் மனனம் செய்த மூலம் அவருடைய மொழியில் அமைந்து வாழ்நாள் முழுவதும் பயன்பட்டது. தேர்வுக்கான ஆங்கில உரைநூலில் மனனம் செய்யப்பட்டது மூலமன்று. மூலத்தைப் பற்றி வேறொருவர் எழுதிய விடையாகும். வினா தேர்வாளருடையது, விடை உரைகாரருடையது என்ற நிலையில் மாணவரின் வாசிப்புக்கு இடமில்லாமற் போயிற்று.

மதுரை வட்டாரத்தில் ஆங்கிலக் கல்விக்கு மற்றொரு வாயிலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இயங்கிய அமெரிக்க மிஷன் 1834இல் மதுரைக்கும் தன் பணியை விரித்தது. பெரியகுளமும் அதன் நிலையங்களுள் ஒன்றாயிற்று. அம்மிஷன் பசுமலையில் நடத்திய கல்விக்கூடம் 1881இல் கல்லூரியாக வளர்ந்து, பின்னர் மதுரைக்கு இடம்பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரி என்னும் பெயரில் நிலைபெற்றது. மிஷன் கல்வியின் நோக்கம் வேறாயினும், அதன் மாணவர்களும் பல்கலைக்கழகத் தேர்வுக்கே செல்லவேண்டியிருந்தனர். ஆகவே, வாசிப்பின் இயல்பைப் பொறுத்தவரை இரு வாயில்களும் ஒரே இடத்தில் சென்று சேர்ந்தன.

வாசிப்பை முதன்மையாக்கிய முயற்சி

இந்திய மாணவருக்கு ஆங்கிலத்தில் முதன்மையாகத் தேவைப்படுவது பேச்சன்று, வாசிப்பே என்று வற்புறுத்தியவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய அவர், வங்காள மாணவரின் நிலையை ஆராய்ந்து எழுதிய ‘இருமொழியம்’ என்னும் நூல் 1926இல் வெளிவந்தது. பள்ளியை இடையில் விட்டு நீங்கும் மாணவருக்கும் பயன்படக்கூடியது வாசிப்புத் திறனே என்பது அவருடைய வாதங்களுள் முக்கியமானது. சில ஆண்டுகளே ஆங்கிலம் கற்ற ஒருவர் பேச்சை மறந்துவிடக்கூடும்; வாசிக்கக் கற்றிருந்தால் அதனைத் தாமே வளர்த்துக்கொள்ள இயலும். இக்கருத்தின் அடிப்படையில் சொற்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, புதிய சொற்களைச் சிறிது சிறிதாக அறிமுகப்படுத்தும் வாசிப்பு நூல் வரிசையை அவர் உருவாக்கினார். சுமார் 2,000 சொற்களைக் கொண்ட அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் 1953இல் வெளிவந்தது.

வெஸ்டின் பங்களிப்பு பனுவலை எளிமையாக்கியது. ஆனால், எளிய பனுவலை மாணவர் எதற்காக வாசிக்கவேண்டும் என்னும் வினாவுக்கு அது முழு விடை தரவில்லை. கதைச் சுவை ஒரு காரணமாக அமையலாம். நூலகமும் கூடுதல் நூல்களும் இல்லாத பள்ளியில் அச்சுவைக்கும் எல்லையுண்டு.

சென்னைப் பனிப்பந்து

விடுதலைக்கு முன்னும் பின்னுமாக உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக நிலைபெற்றது. இது தாய்மொழிக் கல்வியில் ஒரு பெரும் முன்னேற்றமாகும். அதே வேளையில், வரலாறு, புவியியல், அறிவியல் ஆகியவற்றின் வழியாக மாணவர் பெற்றுவந்த ஆங்கில வாசிப்பு நின்றது. ஆங்கிலம் பாடங்களுள் ஒன்றாகச் சுருங்கியது. குறைந்த பாடவேளைகளில் அதிகப் பயன் தரும் முறையொன்றை அரசு நாடவேண்டியதாயிற்று.

அந்நாடலின் விளைவே 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஆங்கிலக் கற்பித்தல் இயக்கம். பிரிட்டிஷ் கவுன்சில் இதற்குத் துணைநின்றது. அமைப்புமுறைக் கற்பித்தல் எனப்படும் முறையில், ஆங்கில வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்திற்கு வரிசைப்படுத்தி வாய்மொழிப் பயிற்சியாகக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்குவது இதன் நோக்கம். முதலில் ஒரு சிறு குழுவினர் பயிற்சி பெறுவர். அவர்கள் அடுத்த குழுவிற்குப் பயிற்சி தருவர். அக்குழு அடுத்ததற்குத் தரும். உருள உருளப் பருக்கும் பனிப்பந்தோடு ஒப்பிட்டு இத்திட்டம் ‘சென்னைப் பனிப்பந்து’ என அழைக்கப்பட்டது. டி. ஏ. ஸ்மித் 1962இல் இதுபற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் முயற்சி என்னும் குறிப்பு இடம்பெற்றுள்ளது.

இத்திட்டத்தின் பரப்பு வியப்புக்குரியது. ஆயினும், இருவகைக் குறைபாடுகளுக்கு இத்தகைய அமைப்பு இடம்தருகிறது. முதலாவது, பயிற்சி படிநிலைகளில் இறங்க இறங்க முறையின் உட்கருத்து மங்கி, செய்முறை மட்டும் எஞ்சுகிறது. இரண்டாவது, வாக்கிய அமைப்பை மையமாகக் கொண்டதால் வாசிப்பு அவ்வமைப்புகளை மீண்டும் காணும் இடமாக மட்டுமே அமைந்தது. பத்தியின்கீழ் இடம்பெற்ற வினாக்களும், பத்தியின் வாக்கியத்தையே சிறிது மாற்றி எழுதினால் விடையாகும்படி இருந்தன. அத்தகைய வினாவுக்குப் பொருள் புரியாமலேயே சரியான விடை எழுத முடியும்.

1968 ஜனவரியில் சட்டமன்றத் தீர்மானத்தின் வழியே தமிழகம் இருமொழிக் கொள்கையை மேற்கொண்டது. அதன்பின் தமிழுக்கு அடுத்து எல்லா மாணவரும் கற்கும் மொழியாக ஆங்கிலமே நின்றது. ஆகவே, ஆங்கில வாசிப்பின் தரம் அரசுப் பள்ளி மாணவரின் எதிர்காலத்தோடு முன்னினும் நெருக்கமாகப் பிணைந்தது.

பெங்களூர்–சென்னைத் திட்டம்

அமைப்புமுறையின் போதாமையை உணர்ந்து மாற்றுவழி தேடியவர் என். எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராகப் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு வகுப்பறைச் சோதனையை நடத்தினார். பெங்களூர்–சென்னைத் திட்டம் என்று அறியப்படும் இதன் அனுபவங்களை அவர் ‘இரண்டாம் மொழிக் கற்பித்தல்’ பற்றிய தம் நூலில் 1987இல் வெளியிட்டார். செயற்பணி வழிக் கற்பித்தல் என உலகம் முழுவதும் பேசப்படும் முறைக்கு இத்திட்டம் ஒரு முன்னோடியாகும்.

மாணவரின் கவனம் மொழியின்மீது அல்லாமல் பொருளின்மீது குவியும்போதே மொழி உள்ளத்தில் படிகிறது என்பது இத்திட்டத்தின் அடிப்படை. ஆகவே, இலக்கணப் பட்டியலோ சொற்பட்டியலோ பாடத்திட்டமாக வைக்கப்படவில்லை. செயற்பணிகளின் வரிசையே பாடத்திட்டமாயிற்று. தொடர்வண்டிக் கால அட்டவணை, நிலப்படம், நாட்காட்டி போன்றவை வாசிப்புப் பொருள்களாயின. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறித்த நேரத்திற்குள் சென்று திரும்ப எந்த வண்டியைத் தெரிவு செய்யவேண்டும் என்பது போன்ற வினா தரப்படும். அட்டவணையில் விடை நேரடியாக எழுதப்பட்டிருக்காது. அட்டவணையை வாசித்து, கணக்கிட்டு, ஒப்பிட்டு விடைகாண வேண்டும்.

பிரபு செயற்பணிகளை மூவகையாகப் பகுத்தார். ஒருவரிடம் உள்ள செய்தியை மற்றொருவர் பெறுவது தகவல் இடைவெளி. கிடைத்த செய்தியிலிருந்து புதிய செய்தியைத் தருக்க வழியில் வருவிப்பது தருக்க இடைவெளி. தம் விருப்பையோ நிலைப்பாட்டையோ கண்டறிந்து வெளிப்படுத்துவது கருத்து இடைவெளி. இவற்றுள் தருக்க இடைவெளிப் பணிகளே வகுப்பறைக்கு மிகவும் ஏற்றவை என்று அவர் கண்டார்.

வழிகாட்டுதல் தொடர்பாக இத்திட்டத்தில் இரு கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது முன்பணி. மாணவர் தனியே செய்யவேண்டிய பணியைப் போன்ற ஒன்றை ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதோடும் சேர்ந்து வினா–விடையாகச் செய்துகாட்டுவார். இரண்டாவது கடினத்தின் அளவு. வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேர் பணியின் பாதியளவையேனும் சரியாக முடித்தால் அப்பணி பொருத்தமான கடினம் உடையது என்பது பிரபு கையாண்ட நடைமுறை அளவுகோல். எல்லோரும் முழுமையாக வெற்றி பெறும் பணியில் கற்றல் குறைவு. எவரும் வெற்றி பெறாத பணியில் ஊக்கம் குறைவு.

இத்திட்டத்தை மதிப்பிட்ட பெரெட்டாவும் டேவிஸும் 1985இல் வெளியிட்ட கட்டுரை, எச்சரிக்கையான சொற்களில் திட்டத்திற்குச் சார்பான முடிவைத் தெரிவித்தது. ஆனால், திட்டம் எவ்வாறு செயற்படுத்தப்பட்டது என்பதைப் பெரெட்டா தனியே ஆராய்ந்தபோது, அம்முறையைத் திட்டத்தோடு நெருங்கி நின்றவர்கள் உள்வாங்கிய அளவிற்கு வழக்கமான பள்ளி ஆசிரியர்கள் உள்வாங்கவில்லை என்பது வெளிப்பட்டது. பனிப்பந்து பரவியது, ஆழம் பெறவில்லை. பெங்களூர்–சென்னைத் திட்டம் ஆழம் பெற்றது, பரவவில்லை. இவ்விரு அனுபவங்களும் இன்றைய இணைய முயற்சிகளை மதிப்பிட உதவும் அளவுகோல்களாகும்.

வழிகாட்டப்பட்ட இணையத் தேடல்

1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச் ஆகியோர் வெப்குவெஸ்ட் என்னும் கற்றல் வடிவத்தை உருவாக்கினர். மாணவர் தேவைப்படும் செய்திகளின் பெரும்பகுதியை இணையத்திலிருந்து பெற்று ஒரு வினாவை ஆராய்வதே இதன் இயல்பு. அறிமுகம், பணி, செயல்முறை, ஆதாரங்கள், மதிப்பீடு, நிறைவு ஆகியன இதன் உறுப்புகள். இணையத்தில் கட்டின்றி அலைவதைத் தவிர்க்க, வாசிக்கவேண்டிய பக்கங்களை ஆசிரியரே முன்கூட்டித் தெரிந்து தருகிறார். செய்தியைத் தேடுவதில் காலம் செலவிடாமல், கிடைத்த செய்தியைப் பயன்படுத்தி ஒப்பிடவும் முடிவு காணவும் மாணவரைப் பழக்குவதே இதன் நோக்கம். அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல்தான் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது என்பது இங்கு நினையத்தக்கது.

வெப்குவெஸ்டைப் பிரபுவின் செயற்பணியோடு ஒப்பிட்டால் அடிப்படை ஒற்றுமை புலனாகும். இரண்டிலும் வினா வாசிப்புக்கு முன்னே நிற்கிறது. பனுவல் வினாவுக்கு உரிய கருவியாகிறது. இரண்டிலும் பனுவலில் உள்ள வாக்கியத்தைப் பெயர்த்தெழுதுவது விடையாகாது. வேறுபாடுகளும் உள்ளன. வெப்குவெஸ்ட் குழுப் பணியை முதன்மைப்படுத்துகிறது. மாணவர் ஒருவர்க்கொருவர் தரும் மொழி மாதிரி குறையுடையதாக அமையும் என்று கருதிய பிரபு குழுப் பணியில் அத்துணை நாட்டம் காட்டவில்லை. வெப்குவெஸ்ட் இயல்பான, எளிமைப்படுத்தப்படாத பனுவல்களை நம்புகிறது. தமிழ்வழி மாணவருக்கு இது பெரிய தடையாகலாம். ஆகவே, அதனை இங்குக் கொணரும்போது பிரபுவின் முன்பணியையும் கடின அளவுகோலையும் அதனோடு இணைப்பது இன்றியமையாதது.

பாடநூலில் இணையச் செயல்பாடு

தமிழகப் பள்ளிகளில் இணையவழிக் கற்றலுக்கான அடிப்படைக் கட்டமைப்பு 2011க்குப் பின் விரைந்து வளர்ந்தது. அவ்வாண்டில் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2018–19 கல்வியாண்டு முதல் அறிமுகமான புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. பாடங்களின் இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. அதில் இணைய முகவரியும், படிப்படியான செய்முறையும், திரைப்படங்களும் தரப்பட்டுள்ளன. பாடநூல் என்னும் அச்சு வடிவம் இணையத்தை நோக்கித் திறந்த இந்நிகழ்வு தமிழகக் கல்வி வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

ஆயினும், இப்பகுதிகளின் படிகளைக் கூர்ந்து நோக்கினால் அவை பெரும்பாலும் இயக்கக் குறிப்புகளாக அமைந்திருத்தலைக் காணலாம். முகவரியைத் தட்டச்சு செய்க, பொத்தானைச் சொடுக்குக, பட்டியலில் ஒன்றைத் தெரிவு செய்க என்பன போன்ற கட்டளைகளே மிகுதி. இணையத்திற்குச் சென்ற மாணவர் அங்கே எவ்வினாவுக்கு விடை தேடி வாசிக்கிறார் என்பது பெரும்பாலும் கூறப்படுவதில்லை. கருவி புதிதாயினும், செய்முறை எஞ்சி உட்கருத்து மங்கும் பழைய சிக்கல் இங்கும் தொடர்கிறது எனலாம். இக்குறையை நீக்கப் புதிய கருவி தேவையில்லை. ஒவ்வொரு செயல்பாட்டின் தலையிலும் உண்மையான வினா ஒன்றை வைத்தால் போதும்.

பள்ளத்தாக்கின் ஆவணங்கள்

உண்மையான வினா எங்கிருந்து வரும்? பெரியகுளம் வட்டாரத்தைப் பொறுத்தவரை அதற்குத் தொலைவு செல்லவேண்டியதில்லை. இவ்வட்டாரத்தின் வாழ்வைத் தீர்மானித்த ஆவணங்கள் பல ஆங்கிலத்திலேயே உள்ளன. முல்லைப் பெரியாற்று நீர் அவற்றுள் தலையாயது.

பெரியகுளம் நகரம் வராகநதியின் கரையில் உள்ளது. முல்லைப் பெரியாற்று நீர் பாய்வது கம்பம் பள்ளத்தாக்கின் வழியேயாகும். எனினும், டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்டக் கெசட்டியர் 1906இல் வெளிவந்தபோது அப்பள்ளத்தாக்கு பெரியகுளம் வட்டத்தில் அடங்கியிருந்தது. ஆகவே, பள்ளத்தாக்கின் வரலாற்றைத் தேடும் மாணவர் பெரியகுளம் என்னும் தலைப்பின்கீழ்த்தான் அதனைக் காணவேண்டும். இதுவே அவர் கற்கும் முதல் வாசிப்புப் பாடமாக அமையும்.

செயற்பணியின் மைய வினா வருமாறு அமையலாம்: நம் பள்ளத்தாக்கிற்கு நீர் எந்த உடன்படிக்கையின் பேரில் வருகிறது, அவ்வுடன்படிக்கை காலப்போக்கில் எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது? ஆசிரியர் நான்கு ஆதாரங்களிலிருந்து குறுகிய பகுதிகளைத் தெரிந்து தருகிறார். முதலாவது, திருவிதாங்கூர் அரசும் பிரிட்டிஷ் இந்திய அரசும் 1886 அக்டோபர் 29இல் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். இரண்டாவது, அணைப்பணியில் பங்குகொண்ட பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதி 1899இல் வெளிவந்த பெரியாற்றுத் திட்ட வரலாறு. மூன்றாவது, மேற்கூறிய கெசட்டியர். நான்காவது, 2014 மே 7இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வழங்கிய தீர்ப்பு. அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தத் தமிழகத்திற்கு உள்ள உரிமையை உறுதிசெய்த அத்தீர்ப்பு, அணையைக் கண்காணிக்க மூவர் குழுவொன்றையும் அமைத்தது. அத்தீர்ப்பிலேயே பதிவாகியுள்ள கேரளத்தின் பாதுகாப்புக் கவலைகளையும் மாணவர் வாசித்தல் வேண்டும். ஒரு தரப்பை மட்டும் வாசிப்பது ஆய்வாகாது.

முதல் பாடவேளை முன்பணிக்கு உரியது. ஒப்பந்தத்தின் ஒரு பத்தியை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து வாசிக்கிறார். எத்தனை ஏக்கர் நிலம், ஏக்கருக்கு எவ்வளவு வாடகை, ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்பன போன்ற வினாக்கள் எழுப்பப்படுகின்றன. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்னும் எண்கள் கிடைக்கும்போது, சட்ட மொழியின் கடினத்திற்கிடையிலும் எண்களைப் பற்றிக்கொண்டு பொருள் காணலாம் என்னும் நம்பிக்கை மாணவருக்குப் பிறக்கிறது. 1886இல் தொடங்கும் குத்தகை எந்த ஆண்டில் முடியும் என்று கணக்கிடுவது, பிரபு கூறிய தருக்க இடைவெளிக்கு எளிய எடுத்துக்காட்டாகும்.

இரண்டாம் பாடவேளையில் நால்வர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் ஓர் ஆதாரத்தை வாசிக்கின்றனர். ஒவ்வோர் ஆதாரமும் ஒவ்வொரு வகை வாசிப்பை வேண்டுகிறது. கெசட்டியரில் தேவைப்படும் இடத்தைக் கண்டடையத் தேடுவாசிப்பு பயன்படுகிறது. ஊர்ப் பெயர்களை அது எழுதும் முறை இன்றைய முறையிலிருந்து வேறுபட்டிருப்பதால், ஒலியை மனத்தில் கொண்டு ஊரை அடையாளம் காணவேண்டும். மெக்கன்சியின் நூலில் வெள்ளம், நோய், வேலையாட்களின் நிலை ஆகியவை இடம்பெறும் பகுதிகளை மேலோட்டமாக வாசித்துச் சுருக்கவேண்டும். தீர்ப்பின் பகுதியை வாசிக்கையில் வாதம் எது, நீதிமன்றத்தின் முடிவு எது எனப் பிரித்தறிதல் வேண்டும். தீர்ப்பை வாசிக்கும் புதியவர் பெரும்பாலும் இடறும் இடம் இதுவே. வழக்குரைஞரின் கூற்றை நீதிபதியின் கூற்றாகக் கொண்டுவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

மூன்றாம் பாடவேளையில் நால்வரும் தாம் கண்டவற்றை இணைத்து ஒரு பக்க ஆங்கில அறிக்கையை எழுதுகின்றனர். குழுவிற்குள் கலந்துரையாடல் தமிழில் நிகழலாம், அதனைத் தடுக்கவேண்டியதில்லை. அறிக்கையின் ஒவ்வொரு கூற்றும் எந்த ஆவணத்தின் எப்பகுதியிலிருந்து பெறப்பட்டது என்று சுட்டப்படவேண்டும் என்பதே முதன்மை மதிப்பீட்டு அளவுகோலாகும். பிழையற்ற நடைக்கு அடுத்த இடமே தரப்படுகிறது.

இச்செயற்பணிக்குள்ள தனிச்சிறப்பு மாணவரின் முன்னறிவாகும். ஆங்கிலச் சொல்லறிவில் பின்தங்கிய மாணவர், மடை, முறைப்பாசனம், இருபோக நெல் ஆகியவற்றைப் பற்றிய அறிவில் ஆசிரியரினும் முன்னிற்கக்கூடும். பனுவலில் ஒரு சொல் தெரியாதபோது அவ்வறிவு பொருளை ஊகிக்கத் துணைசெய்கிறது. இதுவரை ஆங்கில வகுப்பில் குறையாக மட்டுமே நோக்கப்பட்ட கிராமப் பின்புலம் இங்கு வாசிப்பின் மூலதனமாகிறது.

தடைகளும் வரையறைகளும்

இம்முறையின் தடைகளை மறைத்தல் தகாது. முதலாவது, தேர்வு. வழிகாட்டி நூலே மதிப்பெண் தரும் நிலை நீடிக்கும்வரை மூன்று பாடவேளைகளை ஒரு வினாவுக்குச் செலவிட ஆசிரியரும் மாணவரும் தயங்குவர். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவது துறையளவிலேயே எடுக்கத்தக்க முடிவாகும். இரண்டாவது, ஆசிரியரின் உழைப்பு. ஆவணத்தைத் தெரிவு செய்து, பகுதியை வெட்டி, அருஞ்சொற்பொருள் சேர்த்து, செயற்பணியாக்குவது எளிதன்று. மேலிருந்து இறங்கும் பயிற்சியைவிட, ஒரே வட்டாரக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் தாம் உருவாக்கிய பணிகளைப் பகிர்ந்துகொள்வது பயன்தரும் என்பதே பனிப்பந்துத் திட்டம் தரும் படிப்பினை.

மூன்றாவது தடை புதியது. 2011இல் கூகுள் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் சேர்ந்தது. 2022இன் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற கருவிகள் பனுவலைச் சுருக்கவும் வினாவுக்கு விடை எழுதவும் வல்லவை. பழைய வழிகாட்டி நூல் செய்த பணியை இவை நொடியில் செய்துவிடுகின்றன. இவற்றைத் தடைசெய்வது நடைமுறைக்கு ஒவ்வாது. கருவி தந்த சுருக்கத்தை மூல ஆவணத்தோடு ஒப்பிட்டு, எது மூலத்தில் உள்ளது, எது இல்லை என்று கண்டறிவதையே ஒரு செயற்பணியாக்கலாம். அதற்கும் மூலத்தை வாசிக்கும் திறனே தேவைப்படும்.

நிறைவுரை

தமிழகத்தில் ஆங்கில வாசிப்புப் பயிற்சியின் வரலாறு, பனுவலும் கருவியும் மாறியபோதும் வினா மாறாதிருந்த வரலாறாகவே பெரிதும் காணப்படுகிறது. உரைப் பதிப்பும் அமைப்புமுறைப் பயிற்சியும் இயக்கக் குறிப்புகளாய் அமைந்த இணையச் செயல்பாடும் மாணவருக்குத் தாமே விடைகாண வேண்டிய வினாவைத் தரவில்லை. அத்தகைய வினாவை முன்வைத்த பெங்களூர்–சென்னைத் திட்டம் பரவலாக வேரூன்றவில்லை. வழிகாட்டப்பட்ட இணையத் தேடல் அதன் கருத்தை மீட்டெடுக்க ஒரு வாய்ப்பை அளிக்கிறது.

பெரியகுளம் வட்டார மாணவருக்கு இது மதிப்பெண்ணைக் கடந்த ஒன்று. தம் வயலுக்கு வரும் நீரைப் பற்றிய ஒப்பந்தமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் இருக்க, அவற்றின் பொருளைச் செய்தித்தாளின் தலைப்பு வழியாகவோ மேடைப்பேச்சின் வழியாகவோ மட்டுமே அறியும் நிலையில் இப்பள்ளத்தாக்கின் பட்டதாரி இருக்கவேண்டியதில்லை. அவ்வாவணங்களைத் தாமே திறந்து, தமக்குத் தேவையான பத்தியைக் கண்டு, அதில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துரைக்க அவருக்கு இயலுமாயின், பகுதி 2 ஆங்கிலம் தன் பணியைச் செய்ததாகக் கொள்ளலாம். தேனி மாவட்டக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இணைந்து இத்தகைய வட்டார ஆவணத் தொகுப்பு ஒன்றை உருவாக்குதல் அதற்கான முதற்படியாக அமையும்.